செயல்படும் எழுத்து: பண்டை எகிப்தியரின் சவப்பேழைகளும் ஈமச் சாஸனங்களும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம். திரையில் காட்டிய படங்களைப் பற்றிய இடைக்குறிப்புகளும், இறுதியில் நிகழ்ந்த வினாவிடைகளும் சுருக்கம் கருதி நீக்கப்பட்டுள்ளன.)



மறைந்த ஒருவரின் பெயரால் ஒரு மூலதனத்தை ஒதுக்கி வைத்து, அதன் வருவாயைக்கொண்டு ஆண்டுதோறும் ஒரு நற்காரியம் நடந்துவரச் செய்து, அது நடக்குந்தோறும் அவர் பெயர் பலர் நாவிலும் வழங்குமாறு ஏற்பாடு செய்வதே அறக்கட்டளையின் இலக்கணம். அத்தகைய ஏற்பாடு ஒன்றின் பயனாகவே இன்று உங்கள் முன் பேசும் பேறு எனக்கு வாய்த்தது; ஆகையினால், எடுத்துக்கொண்ட பொருளையும் ஓர் அறக்கட்டளையிலிருந்தே தொடங்குவது பொருந்தும் எனக் கருதுகிறேன்.

எகிப்தின் நடுப்பகுதியிலுள்ள அஸ்யூத் நகரில், பன்னிரண்டாம் வம்சத்து முதலாம் செனுஸ்ரெட் மன்னனின் காலத்தில், அதாவது கி.மு. 20ஆம் நூற்றாண்டில், மாகாண அதிபதியாக விளங்கிய ஜெஃபாய்ஹாபி என்பவன், கோயிற் குருமாரோடும் பிறரோடும் தான் செய்துகொண்ட பத்து உடன்படிக்கைகளைத் தன் சமாதிச் சுவரில் பொறித்து வைத்தான். குறிப்பிட்ட திருநாட்களில் தன் சிலைக்கு முன் விளக்கேற்றத் திரிகளும், படைக்க அப்பமும் பீரும் வந்து சேரவேண்டும் என்பதும், அதற்கு ஈடாகத் தான் இன்னின்னது கொடுத்திருப்பதும் அவற்றில் விவரமாகக் கண்டிருக்கின்றன. கோயில் வருவாயில் ‘ஒரு நாள்’ என்பது ஆண்டின் 360இல் ஒரு பங்கு என்று கணக்குச் சொல்லி, அத்தகைய நாட்கள் சிலவற்றைத் திரிக்கென்று எழுதி வைக்கிறான். தந்தைவழி வந்த சொத்திலிருந்து தருவது எது, பதவியினால் வந்த சொத்திலிருந்து தருவது எது என்று பிரித்துக் காட்டுகிறான். நம் காலத்து வழக்கறிஞர் எவரும் மெச்சத்தக்க எச்சரிக்கை அது. எனினும் அந்தத் திரிகள் எரிவது ஒருநாள் நின்றுபோயிற்று. நிற்காமல் இருக்கவும் முடியாது. மானியத்தைப் பெறும் குரு இறப்பான், அவன் மகன் அசட்டை செய்வான், அடுத்த அதிபதி நிலத்தை வேறொருவனுக்கு மாற்றுவான். கவனிப்பாரற்றுப் பாழடைந்த பழைய சமாதிகளைத் தினந்தோறும் கண்ணாற் கண்டுவந்த எகிப்தியருக்கு இது தெரியாததன்று.

மனிதரின் கையை நம்பி நிற்கும் தர்மம் என்றேனும் தவறும் என்று தெரிந்துகொண்ட ஒரு சமூகம், மனிதரின் கையை நம்பாத ஒரு சாதனத்தைத் தேடிக்கொள்வது இயல்பே. எகிப்தியர் கண்ட அந்தச் சாதனம் எழுத்து. இன்று நான் நிலைநாட்ட விரும்பும் கருத்தும் இதுவே: எகிப்தியச் சவப்பேழையின் புறத்திலும் அகத்திலும் எழுதப்பட்டவை இறந்தவரைப் பிறருக்கு நினைவூட்டுவதற்காக எழுதப்பட்டவை அல்ல; உயிரோடிருப்போர் ஒருவர் வந்து படிக்கவேண்டும் என்றுகூட அவை எதிர்பார்க்கவில்லை; தாம் குறிக்கும் காரியத்தைத் தாமே நிறைவேற்றும் பொருட்டு அவை உரிய இடத்தில் அமர்த்தப்பட்டவை. பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கும் நிலப் பத்திரம், யாரும் எடுத்துப் படிக்காத காலத்திலும், உரிமையை நிலைநிறுத்திக்கொண்டே இருப்பது போன்றது அது.

1922ஆம் ஆண்டு ஹோவர்ட் கார்ட்டர் கண்டெடுத்த துத்தன்காமன் சமாதியில், ஒன்றினுள் ஒன்றாக அமைந்த மூன்று பேழைகளில் உட்பேழை முழுவதும் தங்கம் என்பதும், அதன் எடை சுமார் 110 கிலோ என்பதும் உலகறிந்த செய்தி. அந்தப் பொன்னின் ஒளியிலே கண் கூசிப்போன நமக்குப் பேழையென்றால் செல்வத்தின் சின்னமாகவே தோன்றுகிறது. அதன்மேலுள்ள சித்திரலிபி வரிகள் வெறும் பூவேலைபோல் பின்னுக்குப் போய்விடுகின்றன. அந்த வரிகளை முன்னுக்குக் கொண்டுவர ஆறு ஆதாரங்களை வரிசையாக எடுத்துவைத்து, பின்னர் என் கருத்துக்கு எதிராக எழக்கூடிய ஆட்சேபம் ஒன்றையும் ஆராய்கிறேன்.

1. எழுத்தும் இடமும்

எழுத்து செயல்படுவதற்காக அமைந்தது என்பதற்கு முதற் சான்று, அது எந்த இடத்தில் எழுதப்படவேண்டும் என்பதில் எகிப்தியர் காட்டிய கண்டிப்பு. மத்திய ராஜ்ய காலத்துப் பேழை நீள்சதுரமான மரப்பெட்டி. செல்வர்க்கு லெபனானிலிருந்து பிப்லாஸ் துறைமுகத்தின் வழியாக வந்த தேவதாரு; மற்றையோர்க்கு உள்நாட்டு அத்தி, சவுக்கை ஒத்த டாமரிஸ்க், கருவேலின் இனம் ஆகியவற்றின் சிறு பலகைகளை முளையடித்து இணைத்து, இடுக்குகளைச் சுதையால் அடைத்துச் செய்த பெட்டி. அதனுள் உடல் இடப்புறமாகச் சாய்த்து வைக்கப்படும்; தலை வடக்கு, முகம் கிழக்கு. முகம் வந்து அமையும் இடத்திற்கு நேராக, கிழக்குப் பலகையின் வெளிப்புறத்தில் இரண்டு கண்கள் தீட்டப்பட்டிருக்கும். அதே இடத்தின் உட்புறத்தில் ஒரு பொய்க்கதவு சித்திரிக்கப்பட்டிருக்கும். கண்களின் வழியாக இறந்தவன் உதயசூரியனைக் காண்பான். கதவின் வழியாக வெளிப்பட்டுப் படையலைப் பெறுவான்.

எழுத்தும் இந்தத் திசை நியதிக்குக் கட்டுப்பட்டது. கிழக்குப் பலகையின் மேல்வரி பெரும்பாலும் ஒஸிரிஸை விளித்து உணவுப் படையலைக் கேட்கும். மேற்குப் பலகையின் வரி அனுபிஸை விளித்து நல்லடக்கத்தைக் கேட்கும். தலைமாட்டில் நெப்திஸ், கால்மாட்டில் இஸிஸ், நீளப் பலகைகளில் ஹோரஸின் புதல்வர் நால்வர் முதலிய தெய்வங்கள் என்று, அவரவர் பெயர் தாங்கிய நெடுவரிகள் காவலர்போல் நிறுத்தப்பட்டிருக்கும். உட்புறச் சித்திர வரிசையிலும் அவ்வாறே: தலையணைக் கட்டை தலைமாட்டுப் பலகையில், செருப்பு கால்மாட்டுப் பலகையில். அகழ்ந்தவரின் குறிப்பு காணாமற்போய், பலகைகள் பிரிந்து, ஏதோ ஒரு பொருட்காட்சிச் சாலையின் மூலையில் கிடக்கும் பேழையைக்கூட, எழுத்தை மட்டும் கொண்டு எது கிழக்கு, எது மேற்கு என்று கூறிவிடலாம். படிப்பதற்கென்று மட்டும் எழுதுகிறவன் இத்தனை பிடிவாதம் கொள்ளமாட்டான். எங்கிருந்து படித்தாலும் செய்தி ஒன்றுதானே. காவலுக்கு ஆள் நிறுத்துகிறவனுக்குத்தான் இடம் முக்கியம்.

2. எழுத்தும் பொருளும்

எகிப்திய ஈமச் சாஸனங்களில் மிகப் பரவலாக வழங்கிய வாசகம், மன்னன் அளிக்கும் நிவேதனம் என்று தொடங்குவது. பழைய ராஜ்யம் முதல் எகிப்தியச் சமயத்தின் இறுதிக் காலம்வரை, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக, அது வழக்கிலிருந்தது. மன்னன் தெய்வத்துக்கு அளிக்கிறான். தெய்வம் இறந்தவனுக்கு அளிக்கிறது. அளிக்கப்படுபவை அப்பம், பீர், எருது, பறவை, வெண்சலவைக்கற் பாத்திரம், மெல்லிய ஆடை, இன்னும் ஒரு தெய்வம் உண்டு வாழும் தூய பொருள் அனைத்தும். ஒவ்வொன்றும் ஆயிரம் ஆயிரமாகப் பெருகவேண்டும் என்பது சம்பிரதாயம். கோயிலில் படைத்தவற்றைப் பின்னர்ப் பிறருக்குப் பகிர்ந்தளிக்கும் வழக்கமே இவ்வாசகத்தின் பின்னணி. ஆனால் மன்னன் கண்டும் கேட்டுமிராத ஒரு சிற்றூர்க்காரனின் பேழையிலும் மன்னனே கொடையாளி. ஒருநாளும் நிகழாத அந்தக் கொடையை எழுத்து நிகழ்த்திவிடுகிறது.

இதன் உச்சத்தை ஒரு பேழையில் காணலாம். 1915ஆம் ஆண்டு, ஹார்வர்ட் பல்கலைக்கழகமும் பாஸ்டன் பொருட்காட்சிச் சாலையும் இணைந்து ரெய்ஸ்னர் தலைமையில் நடத்திய அகழ்வுக் குழுவினர், தேர் எல்-பெர்ஷாவின் பாறைச் சரிவிலே 10ஏ என்று இலக்கமிட்ட சமாதியில், முயல் மாகாணத்தின் அதிபதியாயிருந்த ஜெஹுதிநக்த் என்பவனின் பேழைகளைக் கண்டனர். வெளிப்பேழை பருத்த தேவதாருப் பலகைகளாற் செய்தது. அதன் வெளிப்புறம் மிக எளிமையானது. கண்களும் சில எழுத்து வரிகளுமே உண்டு. உட்புறத்திலோ, எகிப்திய ஓவியக் கலையின் முடிமணிகளுள் ஒன்று என்று கலை வரலாற்றாசிரியர் போற்றும் சித்திரங்கள். அதிபதி ஆசனத்தில் அமர்ந்திருக்கிறான். எதிரே ஒருவன் சாம்பிராணிப் புகை காட்டுகிறான். குவிந்து கிடக்கும் படையலில் வாத்தின் இறகும் எருதின் தொடையும், தொட்டால் கையில் படும்போல் தீட்டப்பட்டுள்ளன. மூடியை வைத்த கணத்தோடு அந்தச் சித்திரம் இருளில் ஆழ்ந்துவிடும் என்று அறிந்தே அந்த ஓவியன் ஒவ்வோர் இறகையும் தனித்தனிச் சாயலில் தீட்டினான். இதனை ஆடம்பரம் என்று சொல்ல இயலுமா? ஆடம்பரத்துக்குப் பார்ப்பவர் வேண்டும். இங்கே பார்ப்பதற்கு இருந்தவன் உள்ளே படுத்திருந்த ஒருவனே. அவனுக்கு அது காட்சியன்று, உணவு. திரிகளுக்கும் அப்பத்துக்கும் குருமாரோடு உடன்படிக்கை செய்யத் தக்க செல்வர்கள்கூட, அந்த உடன்படிக்கை பொய்த்தாலும் பட்டினி நேராதிருக்க, பலகையில் எழுதிய இந்த மானியத்தையும் உடன்கொண்டு சென்றனர்.

3. எழுத்தும் வழிப்பயணமும்

மூன்றாவதாக, பேழைகளின் அகத்தே நிறைந்துள்ள மந்திரங்கள். இவற்றின் முன்னோடி ஐந்தாம் வம்சத்தின் இறுதி மன்னனான உனாஸின் பிரமிட். ஸக்காராவிலுள்ள அதன் உள்ளறைச் சுவர்களில், கி.மு. 24ஆம் நூற்றாண்டளவில், நீலவண்ணம் ஊட்டப்பெற்ற எழுத்துகளாய்ப் பொறிக்கப்பட்ட மந்திரங்களை 1881ஆம் ஆண்டில் மாஸ்பெரோ வெளிப்படுத்தினார். தொடக்கத்தில் அரச குலத்தார்க்கே உரியனவாயிருந்த இத்தகைய வாசகங்கள், பழைய ராஜ்யம் சிதைந்து மாகாண அதிபதிகள் தலையெடுத்த பின்னர், புதிய மந்திரங்களோடு கலந்து, அதிபதிகள், அதிகாரிகள், அவர்தம் மனைவியர் ஆகியோரின் மரப் பேழைகளுக்குள் இடம்பெற்றன. பேழை வாசகங்கள் என்று நாம் வழங்கும் இத்தொகுதியை, அட்ரியான் தெ பக் என்னும் டச்சு அறிஞர், பல நாடுகளில் சிதறிக் கிடந்த பேழைகளை ஒப்புநோக்கி, 1935 முதல் 1961 வரை வெளிவந்த ஏழு பெருந்தொகுதிகளாகப் பதிப்பித்தார்; கடைசித் தொகுதி அவர் மறைவுக்குப் பின்னரே வெளிவந்தது. அதில் அடங்கியவை 1,185 மந்திரங்கள்.

அவற்றின் பயன்களைத் தலைப்புகளே கூறுகின்றன. காற்றைச் சுவாசிக்க, நீருண்ண, தலைகீழாக நடவாதிருக்க, பருந்தாக உருமாற, மறுவுலகில் குடும்பத்தாரோடு ஒன்றுகூட என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரியம் உண்டு. பெர்ஷாப் பேழைகள் சிலவற்றின் அடிப்பலகையில் மந்திரத்தோடு ஒரு வரைபடமும் காணப்படுகிறது. நீலத்தில் நீர்வழி, கருமையில் நிலவழி, இரண்டுக்கும் இடையே செந்நிற நெருப்பேரி, வழிநெடுகக் கத்தி ஏந்திய வாயிற்காவலர், அவர்களைக் கடந்து செல்லச் சொல்லவேண்டிய பெயர்கள். இரு வழிகளின் நூல் என்று ஆராய்ச்சியாளர் இதனை வழங்குவர். இறந்தவன் அந்த வரைபடத்தின்மேலேயே படுத்திருக்கிறான். அதனை அவன் குனிந்து பார்க்கும் நிலையில் இல்லை. பார்க்கவேண்டும் என்ற அவசியமும் இல்லை. வழியின்மேல் கிடப்பதே வழியை அறிந்திருப்பதற்குச் சமம் என்பது அந்த அமைப்பின் தர்க்கம்.

4. பேழையே தாய்

நான்காவதாக, எழுத்து பேழையின்மேல் ஒட்டிய ஒன்றாக இராமல், பேழையையே வேறொன்றாக மாற்றிவிடுகிறது. எகிப்தியப் புராணத்தில் நூட் என்பவள் வான்தேவி. மாலையில் சூரியனை விழுங்கி, விடியலில் மீண்டும் ஈன்றெடுப்பவள். ஒஸிரிஸின் தாயும் அவளே. பேழையின் மூடி நூட் என்று பிரமிட் வாசகங்களின் காலமுதலே கருதப்பட்டது. மூடியின்மேல் ஓடும் வரியில் இறந்தவன் அவளைத் தன்மேல் கவிந்து தன்னை அழியாத விண்மீன்களிடையே வைக்குமாறு வேண்டுகிறான். பிற்காலத்தில் மூடியின் உட்புறத்திலோ அடியிலோ அவள் கைகளை நீட்டி நிற்கும் உருவமும் சேர்ந்தது. ஆகவே, உடலைப் பேழையில் இடுவது புதைப்பதற்கு முந்திய சடங்கு அன்று, கருப்பத்தில் இடுவது. இந்தக் கருத்தின் ஆயுளுக்கு ஒரு சான்று: ரோமர் ஆட்சியில், கி.பி. 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தீப்ஸில் வாழ்ந்த சோட்டேர் என்னும் கிரேக்கப் பெயர் கொண்ட அதிகாரியின் பேழை இன்று பிரிட்டிஷ் பொருட்காட்சிச் சாலையில் இருக்கிறது. அதன் மூடியின் உட்புறத்திலும் நூட் நிற்கிறாள், தன் இருமருங்கும் மேஷம் முதலிய பன்னிரண்டு ராசிகள் சூழ. ஆட்சி மாறிற்று, ஆளுவோர் மொழி மாறிற்று, வானநூலும் வெளியிலிருந்து புதிதாக வந்து சேர்ந்தது. தாய் மட்டும் தன் இடத்தை விட்டு அகலவில்லை.

பேழையின் வடிவ வளர்ச்சியும் இதனோடு ஒட்டியதே. பன்னிரண்டாம் வம்சத்தில் மனித உருவப் பேழை தோன்றியது. பதினேழாம் வம்சத்தில் தீப்ஸ் மன்னர்கள் உடல் முழுவதையும் சிறகு போர்த்தியதுபோல் வண்ணம் தீட்டச் செய்தனர். புதிய ராஜ்யத்தில் வெண்பேழை, கரும்பேழை, மஞ்சட்பேழை என நிறங்கள் முறையே மாறிவந்தன. இருபத்தொன்றாம் வம்சத்திலோ, கொள்ளையர்க்கு அஞ்சித் தீப்ஸ் குருமார் சித்திரச் சுவர்கொண்ட தனிச் சமாதிகளைக் கைவிட்டுக் கூட்டு நிலவறைகளில் மறைந்து துயிலத் தொடங்கியபோது, முன்பு சமாதிச் சுவர்கள் சுமந்த தெய்வங்களும் சடங்குகளும் மந்திரங்களும் அனைத்தும் பேழையின்மேலேயே வந்து குவிந்தன. 1891இல் தேர் எல்-பஹ்ரியில் திறக்கப்பட்ட பாப் எல்-கஸூஸ் நிலவறையில் அமுன் கோயிலைச் சார்ந்த ஆண் பெண் குருமார் 153 பேரின் பேழைகள் கிடைத்தன. ஒரு விரலிடைகூட வெற்றிடம் விடாத அந்த மஞ்சட்பேழைகளைக் கண்டு, வெற்றிடத்துக்கு அஞ்சிய கலைஞரின் கைவண்ணம் என்று சிலர் கூறினர். சுவரில்லாத சமாதிக்குப் பேழையே சுவராயிற்று என்பதே பொருந்திய காரணம்.

5. எழுத்தினிடம் அச்சம்

இனி, என் கருத்துக்கு மிக வலுவான சான்று. செயல்படும் ஆற்றல் உள்ளது எதுவோ, அது தீங்கும் செய்யக்கூடும். சித்திரலிபியில் மனிதர், பறவை, பாம்பு, சிங்கம் முதலிய உயிர்களின் உருவங்களே எழுத்துகள். பிரமிட் வாசகங்களைப் பொறித்தோர், மன்னனின் உடலுக்கு அருகில் அமையும் அந்த வரிகளில், மனித உருவங்களைப் பலவிடத்தும் தவிர்த்தனர். அல்லது தலையையும் கையையும் மட்டும் எழுதி உடலை விட்டுவிட்டனர். மத்திய ராஜ்யத்தின் பிற்பகுதியில் இந்த எச்சரிக்கை இன்னும் கடுமையாயிற்று. 1894இல் தே மார்கன் தஹ்ஷூரில் கண்ட ஹோர் மன்னனின் சமாதியிலும், 1956இல் ஹவாராவில் அகழப்பட்ட இளவரசி நெஃபெருப்தாவின் சமாதியிலும் கிடைத்த ஈமப் பொருள்களின்மேலுள்ள எழுத்துகளில் பறவைகளுக்குக் கால்கள் இல்லை. நாகங்களை வால் அறுத்தும் எழுதினர்.

எழுதியவன் தேர்ச்சியற்றவன் என்று தள்ளிவிட முடியாது. எஞ்சிய உருவங்கள் மிக்க நுட்பத்தோடு தீட்டப்பட்டிருக்கின்றன. காலில்லாத பறவை பறந்தோ நடந்தோ படையலை அணுகாது; முடமாக்கப்பட்ட பாம்பு உடலைத் தீண்டாது. ஆயினும் அதன் ஒலி மதிப்புக் குறையாது. சொல் சொல்லாகவே நிற்கும். படிப்பவனுக்கு இவற்றால் ஒரு நன்மையுமில்லை. சிறிது இடையூறே உண்டு. எழுத்தோடு ஓர் அறையில் என்றென்றைக்கும் தனித்திருக்கப்போகும் ஒருவனுக்காகவே இந்த ஏற்பாடு. எழுத்து வெறும் குறியீடு என்று எண்ணிய எவரும் அதன் காலை வெட்டி வைக்க நினைத்திருக்கமாட்டார்.

6. பெயரின் இடம்

ஆறாவது, எல்லாவற்றையும் ஒருவரோடு பிணைக்கும் பெயர். பேழை, சடங்குப் பொருளாயிருந்ததோடு சந்தைப் பொருளாகவும் இருந்தது. அரசர் பள்ளத்தாக்கின் சமாதிகளைக் குடைந்த கைவினைஞர் வாழ்ந்த தேர் எல்-மதீனாவில், ஓட்டுச் சில்லுகளில் எழுதிய கணக்குகள் ஏராளமாகக் கிடைத்துள்ளன. அவற்றை ஆராய்ந்து யான்சென் 1975இல் வெளியிட்ட விலைவாசி நூலிலிருந்து, ஒரு சாதாரண மரப்பேழை இருபது முப்பது தேபென் செம்பு விலைபெற்றது என்றும், தச்சுக்கு ஒரு கூலியும் சித்திரத்துக்கு வேறு கூலியும் கணக்கிடப்பட்டன என்றும் அறிகிறோம். ஒரு தேபென் சுமார் 91 கிராம். அங்கே ஒரு கைவினைஞனின் மாதக் கூலி ஐந்தரை மூட்டைத் தானியம். அதன் மதிப்பு ஏறத்தாழ 11 தேபென். ஆகவே எளிய பேழையும் இரண்டு மூன்று மாத உழைப்பை விழுங்கியது. முன்கூட்டியே செய்து வைத்த பேழைகளிலும் பாப்பிரஸ் சுருள்களிலும் வாசகம் முழுவதையும் எழுதிவிட்டு, பெயர் வரவேண்டிய இடத்தை மட்டும் வெறுமையாக விடுவது வழக்கம். சிலவற்றில் அந்த வெற்றிடம் இன்றும் நிரப்பப்படாமலே இருக்கிறது.

மரமும் பொன்னும் அரிதான இருபது, இருபத்தொன்றாம் வம்சங்களின் காலத்தில், முன்னோரின் பேழையை வெளியே எடுத்து, பழைய பெயரை அழித்து, சுதை பூசிப் புதிய பெயரை எழுதி மறுபடி பயன்படுத்துவது பரவலாயிற்று என்பதைக் காரா கூனி என்னும் அமெரிக்க அறிஞர் பல நாட்டுப் பொருட்காட்சிச் சாலைகளிலுள்ள பேழைகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து காட்டியுள்ளார். 1881இல் தேர் எல்-பஹ்ரி மறைவிடத்திலிருந்து வெளிவந்த இரண்டாம் ராம்சேஸ், எகிப்தின் பெருமன்னருள் ஒருவன், துயின்றது அவனுக்கென்று செய்யாத ஒரு மரப்பேழையில். அவனுக்கு அது உரியது என்பதைக் கூறுவன குருமார் மையினால் எழுதிய அவன் பெயரும், அவன் உடலை எங்கிருந்து எங்கே மாற்றினோம் என்று விரைவெழுத்தில் எழுதிய குறிப்புமே. பெயர் மாறினால் பேழை முழுவதும் கைமாறும். ஆயிரம் அப்பமும், நூட்டின் அணைப்பும், நெருப்பேரியைக் கடக்கும் வழியும் புதியவனைச் சேரும்.

இதன் மறுபக்கத்தை அரசர் பள்ளத்தாக்கில், தியோடோர் டேவிஸின் செலவில் 1907 ஜனவரியில் அகழப்பட்ட 55ஆம் எண் சமாதியில் காண்கிறோம். அங்கிருந்த சிறகு வேலைப் பேழையின் பொன்முகம் பெயர்த்தெடுக்கப்பட்டிருந்தது. எழுத்து வரிகளில் மன்னன் பெயர் வரும் வளையங்கள் மட்டும் தேர்ந்தெடுத்து வெட்டி நீக்கப்பட்டிருந்தன. முதலில் ஒரு பெண்மணிக்கென்று செய்து பின் மன்னன் ஒருவனுக்காகத் திருத்திய பேழை அது. உள்ளே இருந்த உடல் அக்நாதன் மன்னனுடையதா, ஸ்மென்க்காரேயினுடையதா என்ற விவாதம் ஒரு நூற்றாண்டைக் கடந்தும் ஓயவில்லை. வெட்டியவர்கள் மற்ற வாசகங்களில் கைவைக்கவில்லை. பெயரை நீக்கினால் போதும், மந்திரம் அனைத்தும் உடையவன் இல்லாத சொத்தாகிவிடும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எழுத்தின் ஆற்றலை நம்பியவர்களைப் போலவே அதனை அழித்தவர்களும் அதே சித்தாந்தத்தில் நின்றவர்கள்.

ஓர் ஆட்சேபமும் சமாதானமும்

இத்தனைக்கும் எதிராக ஒரு கேள்வி எழும். எழுத்து தானே செயல்படும் என்றால், எத்தனையோ எகிப்தியர் தம் சமாதி வாயிலிலும், அபிடாஸ் புனிதத் தலத்தில் நட்ட கற்களிலும், வழியே செல்வோரை விளித்து, நிவேதன வாசகத்தைத் தமக்காக ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுமாறு ஏன் கெஞ்சினர்? அதனால் உங்களுக்குச் செலவில்லை, களைப்புமில்லை, வாயின் மூச்சு மட்டுமே வேண்டும் என்று ஏன் நயந்து கூறினர்? மேலும், பாப்பிரஸ் ஹாரிஸ் 500 என்னும் சுருளில் எஞ்சியுள்ள யாழ்ப்பாணன் பாடல், பெரியோர் கட்டிய சமாதிகளின் இடமே தெரியவில்லை, ஆகையால் உள்ளபோதே இன்புறுக என்ற கருத்தைச் சொல்கிறது. செஸ்டர் பீட்டி நான்காம் பாப்பிரஸோ, சமாதியைவிட நூலே புலவனின் பெயரைக் காக்கும் என்று வாதிக்கிறது. நம்பிக்கை அத்துணை உறுதியாயிருந்தால் இந்த ஐயக்குரல்கள் எங்கிருந்து வந்தன?

ஐயம் உண்மை; அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வேண்டுகோள் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அது மனிதர் நடமாடும் வாயிலில், மண்டபத்தில், திருவிழாப் பாதையில் நிற்கிறது. கிணறுபோல் இறங்கும் குழிக்கு அடியில், மூடியிட்ட பேழைக்குள் அந்தக் கெஞ்சுதலுக்கு வேலை இல்லை. வாயிலில் உள்ள எழுத்துக்கு வாய் வேண்டும். அறையில் உள்ள எழுத்துக்கு அது வேண்டா. எகிப்தியர் மூன்று வழிகளையும் கையாண்டனர். குருமாருக்கு மானியம் எழுதினர். அது தவறுமோ என்று வழிப்போக்கரின் நாவை நாடினர். அதுவும் தவறுமோ என்று எவருடைய தயவும் வேண்டாத எழுத்தைப் பேழைக்குள் வைத்தனர். ஐயத்திலிருந்தே பேழை எழுத்து பிறந்தது என்று சொன்னாலும் பிழையாகாது. முழு நம்பிக்கை உடையவன் மூன்று ஏற்பாடு செய்யமாட்டான். மூன்றுக்கும் பொதுவாய் நின்றது ஒன்று உண்டு, அது பெயர். மானியத்திலும் அதுவே, வேண்டுகோளிலும் அதுவே, மந்திரத்திலும் அதுவே.

முடிவாக

இந்தக் கருத்தை ஏற்றுக்கொண்டால், ஆய்வுத் துறையில் அடியெடுத்து வைக்கும் மாணவ நண்பர்களுக்கு மூன்று கடமைகள் விளங்கும். ஒன்று, ஈமச் சாஸனத்தைப் பதிப்பிக்கும்போது அது என்ன சொல்கிறது என்பதோடு, எந்தப் பலகையில், எந்தத் திசையை நோக்கி, உடலின் எந்த உறுப்புக்கு எதிரே எழுதப்பட்டது என்பதையும் குறிக்கவேண்டும். இடத்தை இழந்த வாசகம் பாதிச் சாஸனமே. இரண்டு, காலில்லாத பறவையும், நிரப்பாத வெற்றிடமும், அழித்தெழுதிய தடமும் குறைகள் அல்ல, சான்றுகள்; அவற்றை அச்சில் திருத்திச் செப்பம் செய்வது வரலாற்றை அழிப்பதாகும். மூன்று, நூற்றாண்டுகளாகப் பேழைகளை வாங்கியும் பரிசாகப் பெற்றும் காட்சிக்கு வைத்துள்ள சாலைகள் பல, ‘குருவின் பேழை’, ‘பெண்ணொருத்தியின் பேழை’ என்று பொதுவாக எழுதிய அட்டைகளைக் கண்ணாடியின் கீழ் வைத்திருக்கின்றன. 1822இல் ஷாம்போலியன் சித்திரலிபியின் திறவுகோலைக் கண்டபின், பேழையில் பெயர் இருந்தும் அட்டையில் அது இல்லாமலிருப்பதற்கு நியாயம் ஏதுமில்லை. பேழைக்குரியவர் பெரும்பொருள் செலவிட்டு வேண்டியது தம் பெயர் அங்கே எழுதப்பட்டிருக்கவேண்டும் என்பதையே. அட்டையின் முதல் வரியில் அந்தப் பெயரை எழுதுவதும், பெயர் அழிக்கப்பட்டிருந்தால் அழிக்கப்பட்டது என்று வெளிப்படையாக எழுதுவதும், காசுச் செலவில்லாமல் அச்சாலைகளைக் காப்போர் நாளையே செய்யக்கூடிய காரியம். அதனைச் செய்யுமாறு அவர்களைக் கேட்டுக்கொள்ள இத்துறையினர்க்கு உரிமை உண்டு. கேட்கவேண்டிய கடமையும் உண்டு.